பிக்கப் என்றால் வண்டி மட்டும் அல்ல

அன்புள்ள குப்பம்மா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் நானேதான் எழுதுகிறேன். வேங்கிக்காலில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார்கள், ஆறு மாதமாகப் போகிறேன்.

போன வாரம் டீச்சர், ரோட்டில் படித்த சொல் ஒன்றை எழுதி வரச் சொன்னார். செங்கம் ரோட்டில் ஒரு டிராவல்ஸ் பலகையில் பார்த்த ‘பிக்கப்’பை எழுதிக்கொண்டு போனேன். “மல்லாட்டை மூட்டை ஏத்துற வண்டி” என்று அர்த்தமும் சொன்னேன்.

“யோவ், பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஆள இட்டுனு போறதுயா அது” என்றார் ஏழுமலை.

“எம்மருமவன் வண்டியில பிக்கப்பே கம்மி. மேட்டுல நாந்தான் தள்ளணும்” என்றாள் சரோஜா.

பின்னாலிருந்து முனியம்மா, “ஜுரம் வந்து இப்பதான் எனக்கு ஒடம்பு பிக்கப் ஆவுது. அதுக்கு இன்னா சொல்றீங்க?” என்றாள்.

எல்லாமே சரி என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நீ படுத்திருந்த ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது.

“அம்மா பிக்கப் ஆயிட்டாங்க, வீட்டுக்கு இட்டுனு போங்க” என்று அன்றைக்கு நர்ஸ் சொன்னாள். வண்டி வந்துவிட்டது என்று என் காதில் விழுந்தது. இனி ஆகாது என்று கைவிட்டவர்களைத்தானே அப்படி வண்டியில் படுக்கவைத்து அனுப்புவார்கள்? உள்ளே வந்ததும் நீ, “இன்னா சொன்னாங்க?” என்றாய். “நல்லா ஆயிட்டியாம்” என்றேன். பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அதன்பிறகு ஒரு வருஷம் இருந்தாய். நாளைக்கே போய்விடுவாய் என்று நினைத்து, நான் உன்னோடு சண்டையே போடவில்லை. மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். “இன்னாயா, ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தது நானா, நீயா?” என்று கேட்டாயே.

உன் காரியத்தன்று இதையெல்லாம் உன் தங்கையிடம் சொல்லிவிட்டேன். “தெரிஞ்சும் மறைச்சிட்டியே மாமா. நான் வந்து அக்கா கூடவே இருந்திருப்பேனே” என்று எழுந்து போனவள், இன்றுவரை என்னோடு பேசவில்லை. அவள் கேட்டதும் நியாயம்தானே?

ஆனால் நான் எதையும் மறைக்கவில்லை, குப்பம்மா. உனக்கு நிஜமாகவே உடம்பு தேறித்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டு, பொய் சொன்னவன் மாதிரி இத்தனை நாள் இருந்திருக்கிறேன்.

நாளைக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறுகிறேன். உன் தங்கை கதவைத் திறந்தால் முதலில் இதைத்தான் சொல்வேன். அவள் திட்டினால், திட்டினதை ஒரு எழுத்து விடாமல் அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்,
முனுசாமி