பெண்கள் டிக்கெட் இங்கே

திருநெல்வேலி ஜங்ஷன்
14.2.94

'ஒற்றைத் தலையணை' படக் கம்பெனி முதலாளி அவர்களுக்கு,

நான் சினிமா மிஷின் மெக்கானிக். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. உங்கள் படப் பிரிண்ட் முக்கூடல் கொட்டகையில் காலைக் காட்சி ஓடுகிறது. மிஷின் ரிப்பேருக்குப் போன இடத்தில் பார்த்ததை எழுதுகிறேன்.

குளியல் ரீல் முடிந்ததும் ஆம்பிளைகள் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். மிஷினில் எரியும் கார்பன் குச்சியை மிச்சம் பிடிக்க, கொட்டகைக்காரர் அத்தோடு படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுகிறார். எல்லா ஊரிலும் இதே கதைதான் போல. கடைசி ரீலில் ஒரு கீறல் கிடையாது. சோதித்துப் பார்க்கச் சுத்தமான ரீல் வேண்டும் என்று அதை எடுத்து ஓட்டினேன். ஆளில்லாத கொட்டகையில் நானும் ஒரு நாயும் பார்த்தோம்.

கதாநாயகி பூரணி ஆற்றில் விழுந்து சாகிறாள் என்று ஊரில் சொல்கிறார்கள். எவனும் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட பொம்பளை கடைசியில் செத்துத்தானே ஆகவேண்டும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அவள் சாகவில்லை. முங்கிக் குளித்துவிட்டு ஏறி வருகிறாள். முடியைப் பிழிகிறாள். படித்துறையில் வெயில் காய்ந்தபடியே, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போகிறாள். இந்த ரீலை எடுத்த ஆள் எதற்காக அவளைப் படுக்கப் போட்டு அப்படி ஒரு போஸ்டர் அடித்தார்? விளக்கம் வேண்டும்.

நடித்த பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லவும். அது நடிப்பு இல்லை, நிஜத் தூக்கம் என்று நினைக்கிறேன். பதிலுக்குக் கார்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சு. கார்த்திகேசன்


சாலிகிராமம், சென்னை
3.3.94

அன்புள்ள தம்பி கார்த்திகேசனுக்கு,

நான் இங்கே நலம். அங்கே உங்கள் மிஷின் நலமா?

கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த அறையில் இப்போது தையல் கடை. தைக்கிறவள் நான். பூரணியாக நடித்தவளும் நான்தான். போஸ்டரில் வேறு பெயர் போட்டார்கள். என் பெயர் டெல்பின், சொந்த ஊர் புன்னக்காயல். நீங்கள் நினைத்தது சரி. அது நிஜத் தூக்கம். விடியுமுன்னே எழுப்பி ஆற்றில் இறக்கினால் வேறென்ன செய்ய?

படத்தை நான் பார்த்ததில்லை. வெளியான வாரம் இங்கே ஒரு தியேட்டருக்குப் போனேன். "இது லேடீஸ் பாக்குற படம் இல்லம்மா" என்று ஜன்னலை மூடிவிட்டார் டிக்கெட் கொடுக்கிறவர். அவர் தலைக்கு மேலே, சுவர் அகலத்துக்கு நான்தான் படுத்திருந்தேன்.

ஊரில் மீன் கடைச் சுவரிலும் அந்தப் போஸ்டரை ஒட்டினார்களாம். அத்தோடு அம்மா கடிதம் நின்றது. கேட்பவர்களிடம் நான் பம்பாயில் நர்ஸ் என்று சொல்கிறாளாம்.

முகம் தெரியாத ஆள் என்பதால் ஒன்று எழுதுகிறேன். மொட்டை மாடிக் காட்சி இருக்கிறதே, பூரணி தனியாகப் படுத்திருப்பது. "வெட்கப்படு, உதட்டைக் கடி" என்று டைரக்டர் கத்திக்கொண்டே இருந்தார். தரைச் சூடு வெதுவெதுவென்று முதுகில் ஏறியது. அதுவரைக்கும் உடம்பு என்றால் எனக்கு மூட வேண்டியது, சுமக்க வேண்டியது, நோவது. அன்றைக்கு அது சந்தோஷப்பட்டது. பக்கத்தில் ஓர் ஆணும் இல்லை. உதட்டைக் கடிக்க மறந்து சிரித்துவிட்டேன். திட்டினார்; பிலிம் மிச்சமில்லாததால் அதையே வைத்துவிட்டார்கள். இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்ல.

அந்தச் சிரிப்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஊர் சொல்வது மட்டும்தான் தெரியும். ஒரு தடவை நானே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அன்புடன்,
டெல்பின்


திருநெல்வேலி ஜங்ஷன்
21.4.94

டெல்பின் அவர்களுக்கு,

தம்பி என்று எழுத வேண்டாம். எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், அவளே போதும்.

சிரிப்பு அசிங்கமாக இல்லை. ஃபோகஸ் லேசாகப் போயிருக்கிறது. அது கேமராக்காரன் குற்றம். ஆனால் நான் சொல்லி என்ன பிரயோஜனம்? நீங்கள் பார்க்க வேண்டும். ஏற்பாடு நடக்கிறது.

முக்கூடலில் பீடி சுற்றும் பெண்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ரேடியோ ரிப்பேர் பார்க்கப் போனேன். உலகம்மாள் என்று ஒருத்தி, அந்தக் கூட்டத்துக்கே வாய். "ஏ மெக்கானிக்கு, காலைல ஆம்பளையளா வரிசைகட்டி போறானுவளே, அப்படி என்னத்தக் காட்டுதாவ?" என்றாள். கதையைச் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, உள்ளதைச் சொன்னேன். பீடி சுற்றுகிற கை ஒன்றுகூட நிற்கவில்லை. முடித்ததும் கேட்டாள்:

"எங்க வீட்டுக்காரரு அவ ஆத்துல உளுந்து செத்துட்டாள்னு சொன்னாரே?"

"சாகல."

"ஒரு சீக்கு, நோவு?"

"ஒண்ணுமில்ல. தூங்குதா."

"அப்ப நாங்க பாக்கணும்."

கொட்டகைக்காரர் பூதலிங்கம் அண்ணாச்சியிடம் போனேன். பெண்களுக்கு மட்டும் ஒரு காட்சி என்றேன். "லே, ஒனக்குக் கூறு கெட்டுப் போச்சா? எவ வருவா? வந்தா ஊரு என்னைய வச்சிருக்குமா?" என்று குதித்தார். உள்ளே இருந்து அவர் சம்சாரம் கோமு அம்மாள், "நான் வருவேன். நம்ம கொட்டகையில நான் பாக்காத படத்த ஊரே பாக்குது" என்றார்கள். அண்ணாச்சி காலண்டரை எடுத்துத் தேதி பார்த்தார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு, பீடிக் கடை லீவு நாளில் காட்சி. தேதி முடிவானதும் கார்டு போடுகிறேன், ரயில் டிக்கெட் எடுங்கள்.

கார்த்திகேசன்


சாலிகிராமம்
9.5.94

அன்புள்ள கார்த்திகேசனுக்கு,

தம்பியை எடுத்துவிட்டேன். கோபம் தணிந்ததா?

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு இரண்டு நாள் தைக்க ஓடவில்லை. ஆம்பிளைகள் விசில் அடித்தால் தாங்கிக்கொள்வேன். அந்தப் பெண்கள் முகத்தைச் சுளித்தால்? என் அம்மா வயதில் ஒருத்தி பாதியில் எழுந்து போனால்? அதற்கு மேல் எனக்கு யாரிடம் போய்க் கேட்க இருக்கிறது?

வருகிறேன். ஆனால் நான் யார் என்று ஒருவரிடமும் சொல்லக்கூடாது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவர்களோடு ஒருத்தியாக உட்காருவேன். நீங்களும் என்னோடு பேசக்கூடாது. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஓசையில்லாமல் போய்விடுவேன். ஏன் என்று கேட்கக்கூடாது.

அன்புடன்,
டெல்பின்


திருநெல்வேலி ஜங்ஷன்
28.6.94

டெல்பின்,

பேசக்கூடாது என்றீர்கள், பேசவில்லை. கேட்கக்கூடாது என்றீர்கள், அது முடியாது. கேட்கிறேன். எப்படி இருந்தது?

என் பக்கம் நடந்ததை எழுதுகிறேன். 'பெண்கள் டிக்கெட் இங்கே' என்று எழுதிய ஜன்னல் காலைக் காட்சிக்குத் திறந்ததே இல்லை. பூட்டு துருப்பிடித்து, நான்தான் ரம்பம் வைத்து அறுத்தேன். கொட்டகை நிறைந்துபோய், இடமில்லாதவர்கள் திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். வழக்கமாக வரும் ஆம்பிளைகள் சிலர் வந்தார்கள். "இன்னைக்கு ஒங்களுக்குக் கெடையாதுலே, போங்க" என்று அண்ணாச்சி வாசலில் நின்று விரட்டினார். அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது. கோமு அம்மாள் முறுக்குச் சட்டியோடு வந்திருந்தார்கள்.

மிஷின் அறை ஜன்னல் வழியாக எனக்கு முதுகுகள்தான் தெரியும். மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது. பூரணியை அவள் புருஷன் அதட்டும் இடத்தில் கொட்டகையே சிரித்தது. அங்கே ஒரு ஆம்பிளையும் சிரித்து நான் பார்த்ததில்லை. மொட்டை மாடிக் காட்சியில் சத்தமே இல்லை. நல்ல சத்தமின்மையா, கெட்டதா, எனக்குத் தெரியவில்லை. கையில் கார்பன் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி ரீலில் ஒருத்திகூட எழுந்து போகவில்லை. ரீலைச் சுற்றிவிட்டு இறங்கி வருகிறேன், உங்களைக் காணோம். சென்னை முகவரிக்கே எழுதுகிறேன்.

இன்னொன்று. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன். ஜாதி, மதம் இரண்டும் வேறு என்பது தெரியும். என் வீட்டில் பேசிவிட்டேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார், அம்மா நிறுத்தவில்லை. படம் பார்த்ததால் கேட்கிறேன் என்று நினைத்தால் அது தப்பு. கடிதம் படித்ததால் கேட்கிறேன்.

பதில் சீக்கிரம் வேண்டும்.

கார்த்திகேசன்


புன்னக்காயல்
11.7.94

அன்புள்ள கார்த்திகேசனுக்கு,

முகவரியைப் பாருங்கள். ஊரில் இருக்கிறேன். உங்கள் கடிதம் சென்னை போய், தையல் கடைக்காரம்மா திருப்பி அனுப்பி இப்போதுதான் வந்தது.

கேளுங்கள். உலகம்மாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மொட்டை மாடிக் காட்சி வந்தது. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். அப்போது நான் திரையில் சிரித்தேன். பின்னாலிருந்து ஒரு கிழவி, "நல்லாத்தாம்ட்டி இருக்கும், வெயில் எறங்குன தட்டட்டில படுத்தா" என்றாள். இன்னொருத்தி, "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "எனக்கும் முதுகு இருக்குல்லா" என்றாள் கிழவி. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. வெட்கச் சிரிப்பு இல்லை கார்த்திகேசன், எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை ஒருத்தி சொல்லிவிட்ட சிரிப்பு. நானும் சிரித்தேன். திரையில் இருந்ததும் அதே சிரிப்புதான். நன்றாக இருந்தது. எனக்கே என்னைப் பிடித்தது.

விளக்குப் போட்டதும் உலகம்மாள் என் முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். "நீதானா? அப்பமே நெனச்சேன். நீ சிரிச்சப்ப அங்கயும் இங்கயும் ஒரே சிரிப்பா இருந்துது" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. பஸ் வரைக்கும் என் கையை விடவில்லை, அவ்வளவுதான்.

சென்னை ரயிலுக்குத்தான் கிளம்பினேன். ஜங்ஷனில் திருச்செந்தூர் பஸ் நின்றது, ஏறிவிட்டேன்.

அம்மா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கடைசிக் கருவாட்டையும் திருப்பிப் போட்டுவிட்டு, "அந்தப் படத்துல ஆத்துல உளுந்து செத்துப் போறியாமே. பாத்துட்டு வந்தவனுவ சொன்னானுவ. அதக் கேட்ட பொறவு ஒனக்கு என்னன்னு லெட்டர் போட?" என்றாள்.

"சாகலம்மா. தூங்குதேன்."

"எப்பிடி?"

"வாயப் பொளந்துக்கிட்டு."

"கேமரா முன்னாலயுமா?" என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டில் யாரோ நர்ஸ் வேலையைப் பற்றிக் கேட்டதற்கு, "நர்ஸ் இல்ல, சினிமாவுல இருக்கா" என்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. உரக்கத்தான் சொன்னாள்.

இனி உங்கள் கேள்விக்கு. நீங்கள் உடைத்துக் கேட்டீர்கள், நானும் உடைத்தே சொல்கிறேன். புதுப் படம் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறேன். போன படத்தில் வேறொருத்தி குரல் கொடுத்தாள். இதில் நானே பேசுவேன். கட்டில் காட்சி உண்டு, மறைக்கவில்லை. உங்கள் ஜில்லாக் கொட்டகைகளிலும் ஓடும், மிஷின் நின்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கீழே விசில் அடிப்பார்கள். அது நெஞ்சில் குத்துமா என்று நன்றாக யோசியுங்கள்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து அப்பா வீட்டில் இருப்பார். பெயர் ஜேசுதாசன், கடலுக்குப் போகிறவர், கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். என் படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்பார். தரையைப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும். அம்மா நகரை மீன் குழம்பு வைக்கிறாளாம்.

புன்னக்காயலுக்கு ஆத்தூரில் இறங்கி மாற வேண்டும். மனசு ஒப்பவில்லை என்றால் அதே பஸ்ஸில் திருச்செந்தூர் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

காத்திருக்கும்,
டெல்பின்


திருநெல்வேலி ஜங்ஷன்
14.7.94

டெல்பின்,

ஆத்தூரில் இறங்குவேன். பார்த்தேன் என்று அப்பா முகத்தைப் பார்த்தே சொல்வேன். நெஞ்சில் குத்தும், பொய் சொல்ல மாட்டேன். அது என் ரிப்பேர், நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நடியுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். நாங்கள் சைவம். எங்கள் வீட்டு வாசலை ஒரு முட்டைகூடத் தாண்டியதில்லை. அம்மா வைக்கிற குழம்பைச் சாப்பிட்டுவிடுவேன். முள் எடுக்கத்தான் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கவும்.

கார்த்திகேசன்