வியாழக்கிழமைக்கு முன் அப்பாவைக் கூப்பிடுங்கள்

மனோர் பார்க், லண்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள யனுஷன் அண்ணைக்கு,

அந்தக் குளிரில் நீங்கள் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று இந்தப் பார்சலின் மேலே ஒரு கடிதம் இருக்கும், அது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, அதை நம்பாதீர்கள். இதை அம்மா படுத்த பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன். என் போனை இரவில் அம்மா வாங்கி வைத்துக்கொள்கிறார், பகலில் அதில் வந்தது போனது எல்லாம் பார்க்கிறார், அதனால்தான் இதை மிளகாய்த்தூள் பைகளுக்கு நடுவில் செருகுகிறேன். பார்சலைக் கொண்டுவரும் றோஸ்மலர் அன்ரி நாளைக் காலை விமானம் ஏறுகிறார், ரொறன்ரோவில் இறங்கியதும் உங்களிடம் தந்துவிடுவார். ஒடியல் மாவை ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

அப்பாவின் அம்புலன்ஸ் வேலையில் நடந்ததை அம்மா உங்களுக்குப் பாதிதான் சொன்னார். குட்மேய்ஸில் ஒரு தமிழ் வீட்டுக் குழந்தை மூச்சு விடவில்லை என்று அப்பாவின் வண்டிதான் போனது. ஆஸ்பத்திரி வாசல் வரை அப்பா அதன் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனாராம், பிள்ளை பிழைக்கவில்லை. வண்டியில் யாராவது செத்த நாளில் அப்பா பின்தோட்டத்துக் குழாயில் தலைமுழுகித் தோய்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரலாம் என்பது அம்மாவின் சட்டம், உங்களுக்குத் தெரியும். அன்றும் தோய்ந்துவிட்டுத்தான் வந்தார். பிறகு அந்தப் பிள்ளையின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் காரியம், ஒரு மண்டபத்தில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கட ஆக்கள், செத்தவீட்டுக் காரியத்துக்கு அழைப்புக்குக் காத்திருக்கிறதோ, போகாட்டில்தான் பிழை என்றார். அப்பாவைக் கண்டதும் பிள்ளையின் தகப்பன் எழும்பி வந்து எல்லோருக்கும் முன்னால், என்ர பிள்ளையைக் கையிலை வைச்சுக்கொண்டே சாகவிட்டிட்டு இப்ப சோறு தின்ன வந்திட்டீரோ என்று கேட்டார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த ஆட்கள் வேலையிடத்துக்கும் அறிவித்துவிட்டார்கள். வண்டியில் போனவர் பிறகு நோயாளியின் குடும்பத்தைத் தேடிப் போகக்கூடாதாம், அது அங்கே பெரிய பிழை. ஆனாலும் அப்பாவை அவர்கள் ஏசவில்லை. கொஞ்ச நாள் வண்டியில் ஏறவேண்டாம், இப்படி மனம் உடைந்துபோகிற வேலையாட்களோடு பேசுவதற்கென்றே பெர்னடெற் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய்ப் பேசுங்கள் என்றுதான் சொன்னார்கள். அப்பாவும், ஓம், ஒருக்காப் போய்க் கதைச்சுப் பாப்பம் என்றார். அன்றைக்கு மட்டும்தான் அவர் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அம்மா விடவில்லை. விசர் பிடிச்ச ஆக்களின்ரை கதை கேக்கிறவளிட்டைப் போறியளோ, கோயில்லை ஆரும் கண்டால் நான் எந்த முகத்தோடை நிக்கிறது, ஷெல்லடிக்குள்ளாலை வந்தனாங்கள், எங்களுக்கு ஆர் கவுன்சிலிங் தந்தது என்று கத்தினார். இப்போது சாப்பாட்டு மேசையில் தினமும், வாங்கோ டொக்ரர், இண்டைக்கு ஆரைக் காப்பாத்தினியள் என்று கேட்டுச் சிரிக்கிறார். அப்பா இப்போது வேலைக்கே போவதில்லை, ஆனாலும் பின்னேரமானால் சீருடையைப் போட்டுக்கொண்டு பின்தோட்டத்துக்குப் போய், அதைக் கழற்றாமலே அந்தக் குழாயில் தோய்கிறார். இந்தக் குளிரில் அண்ணை, உதடெல்லாம் நீலமாகிவிடுகிறது. நான் துவாயைக் கொண்டு ஓடினால் அம்மா மறித்து, விடு, கழுவட்டும், பிடிச்ச சனியன் போகுதோ பாப்பம் என்கிறார். பெர்னடெற் வீட்டுக்குப் போன் பண்ணியபோது அம்மாதான் எடுத்து, அவர் நல்லாயிருக்கிறார், ஊருக்குப் போய்விட்டார் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டார். அப்பா பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். பெர்னடெற் நம்பவில்லை போலும், வியாழக்கிழமை காலை அவருக்காக ஒதுக்கியிருக்கிறேன், எப்போது வந்தாலும் சரி என்று அப்பாவின் போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார், அப்பா அதை எனக்குக் காட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சரிடம் சொல்லலாமென்று நினைத்தேன். வாய் திறந்தியெண்டால் பிள்ளையளைப் பாக்கிற கவுன்சில்காரர் வந்து உன்னைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள், பிறகு அப்பாவை நீ காணமாட்டாய் என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி நான் எழுதுவதற்கு நீங்கள் கோபிக்கக்கூடாது. போன கிழமை நீங்கள் அம்மாவோடு கதைத்தபோது, அப்பா என்ன பொம்பிளைப் பிள்ளை மாதிரி அழுறார், சம்பளத்தோடை லீவு எடுக்கிற நடிப்பு, விடுங்கோ அம்மா என்று சொல்லிச் சிரித்தீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா அந்த அறையில்தான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். அம்மா உங்களுக்கு அதைச் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நீங்கள் போனை வைத்த பிறகு அப்பா என்னிடம், அண்ணை படிச்சவன், அவன் சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்றார். அதற்குப் பிறகு பெர்னடெற்றின் பெயரை அவர் எடுக்கவேயில்லை.

நேற்று அப்பா என்னைக் கூப்பிட்டு சோபாவில் இருந்த குஷனைத் தரையில் போட்டு, நெஞ்சை எப்படி அழுத்துவது என்று காட்டித் தந்தார். ஏன் என்று கேட்டேன். வீட்டிலை ஒராள் பழகி இருக்கவேணும் என்றார். ஆருக்கு என்று கேட்டேன், குஷனை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் இரண்டு கையாலும் அழுத்தினேன். காணாது பிள்ளை, இன்னும் ஆழமா என்றார். என் கைக்கு அவ்வளவு பலம் இல்லை அண்ணை.

அம்மாவின் போனுக்கு எடுக்க வேண்டாம், அப்பாவின் போனுக்கு எடுங்கள். நியாயம் ஒன்றும் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். பெர்னடெற்றிட்டைப் போங்கோ அப்பா என்று உங்கள் வாயால் ஒருமுறை சொன்னால் அவர் போவார், நான் நூறுமுறை சொன்னாலும் போகமாட்டார். நான் எழுதியதை மட்டும் அம்மாவிடம் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

ஆசீர்வாதம் சொல்ல எனக்கு வயதில்லை, நீங்கள் நல்லாயிருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வியாழக்கிழமைக்கு முன் கூப்பிட மறந்துவிடாதீர்கள். வேலை கூடுதல், லீவு இல்லை என்று எப்போதும் சொல்வீர்கள். இதற்கு லீவு தேவையில்லை, ஒரு போன்தான். அது உங்களுக்கு ஏலாது என்றால் பிறகு எப்படியும் லீவு எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வரத்தான் வேண்டியிருக்கும். இந்த வீட்டில் ஒரே ஆண்பிள்ளை நீங்கள்தான், கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லை.

உங்கள் தங்கை,
கம்சிகா