காஜா போடாத சட்டைக்கு நான் சொன்ன விளக்கம்

ஜூன் 3
அண்ணன் மகள் எழுதிய சிறுகதை வார இதழில் வந்துவிட்டது. தலைப்பு, 'காஜா போடாத சட்டை'. ஒரே மூச்சில் படித்து முடித்தேன். (நடுவில் இரண்டு முறை கண்ணயர்ந்தது சேர்த்தி இல்லை.) தையல்கடைக்காரர் மகளுக்கும் எதிர்த் தையல்கடைக்காரர் மகனுக்கும் காதல். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணனும் நானும் நடத்தும் எங்கள் கடையும் எதிர்க்கடையும் அச்சு அசல்! ஆணைப் பெண்ணாக்கி, பெண்ணை ஆணாக்கி, என் கதையை எழுதிவிட்டாள் கெட்டிக்காரி. எதிர்க்கடைக்காரரின் தங்கை அந்தக் காலத்தில் என்மேல் உயிரையே வைத்திருந்தாளே! (ஒருமுறை இஞ்ச் டேப் இரவல் கேட்டாள். கேட்ட விதம் இருக்கிறதே…)

ஜூன் 5
அளவு கொடுக்க வந்த வாத்தியாருக்குத் தலைப்பை விளக்கினேன். "பட்டன் தைச்சாச்சு சார். எதிர்ப்பக்கம் காஜா, அதான் பட்டன் நுழையற ஓட்டை, இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே சட்டைதான், சேர முடியுதா? வீட்டுப் பெரியவங்க துணியில கத்தி வைக்கச் சம்மதிக்கணும்ல? அதான் சார் தடுக்கப்பட்ட காதல்!" வாத்தியார் அசந்து வாயைப் பிளந்தார். அது கொட்டாவியாம், எங்கள் தையல்காரன் சொல்கிறான். வயிற்றெரிச்சல்.

ஜூன் 6
அண்ணன் இதழைச் சுருட்டிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை. "எதிர்க்கடைப் பையன்னு எழுதியிருக்காளே, என்னடா இது?"
நெஞ்சை நிமிர்த்தினேன். "அது என் கதைண்ணே. அவர் தங்கச்சி…"
"த்தூ, இவ்வளவுதானா!" சிரித்துவிட்டு இதழை வீசிவிட்டுப் போனார்.

ஜூன் 7
வீட்டுக்காரி தட்டு வைக்கவில்லை. "எதிர்க்கடைத் தங்கச்சி போடுவா, போங்க."

ஜூன் 8
அண்ணன் மகள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "சித்தப்பா, அவன் மணிக்கட்டுல இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்புன்னு எழுதியிருக்கேன். உங்களுக்கு எங்க இருக்கு?"
எனக்கு இல்லை. எதிர்க்கடைக்காரர் மகனுக்கு இருக்கிறது.
அப்படியானால் நான் அந்தக் கதையிலேயே இல்லையா? முதலில் அதுதான் வலித்தது. வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன்.
"அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்."
என்னை நம்பி ஒருவர் ஒரு வேலை கொடுத்து எத்தனை வருஷம் ஆயிற்று?

ஜூன் 9
சொன்னேன். ஒட்டு வேலை, ஜரிகை எதுவும் இல்லாமல், உள்ளது உள்ளபடி. "அண்ணே, அது என் கதை இல்ல. உங்க பொண்ணோடது. அந்தப் பையனத்தான் கட்டிக்கணுங்கறா."
அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நேத்து தங்கச்சி, இன்னிக்கு மகனா? போடா, போய்த் துணிய வெட்டு."
சத்தியம் பண்ணினேன். இன்னும் பலமாகச் சிரித்தார்.
அடப்பாவி மனுஷா, நிஜத்தை வேறெப்படித்தான் சொல்வது?

ஜூன் 15
பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சம்மதமாம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

ஜூலை 2
பதிவு அலுவலகம். அண்ணன் மகளுக்கும் எதிர்க்கடைப் பையனுக்கும் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். இவ்வளவு அழகான கையெழுத்தை இந்த அலுவலகமே கண்டதில்லை என்று அதிகாரி எழுந்து நின்று… சரி, எழுந்து நிற்கவில்லை. "அடுத்தது யாரு?" என்றார்.

ஜூலை 3
கடை திறக்கவில்லை. அண்ணன் வெட்டு மேஜைமேல் உட்கார்ந்திருந்தார். "ஊருக்கே கதை சொல்லுவியே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?"
பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.