உட்கார்ந்து கேட்டார்கள்

8 மார்ச் 1986, சனி. கேட்டி.

இந்த அமெரிக்க ஊர் டான்ஸ் ஹாலில் வாசிக்கும் எங்கள் கன்ட்ரி பேண்டுக்கு இன்று பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது நான். ஆயில் கம்பெனி வேலை போன பிறகு இந்த ஃபிடில் ஒன்றுதான் எனக்கு மிச்சம். ஆட வசதியாக நாலு வேகமான பாட்டுகள் போட்டேன். பிறகு, கச்சேரியில் மெயின் ஐட்டம் வைப்பதுபோல, நடுவில் ஒரு நீண்ட சோகப் பாட்டு.

ஆடியவர்கள் ஜோடி ஜோடியாகப் போய் உட்கார்ந்தார்கள். ரசித்துக் கேட்கத்தான் உட்காருகிறார்கள் என்று நினைத்தேன், மடையன். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இழுத்தேன். திறந்தபோது டான்ஸ் ஃப்ளோர் காலி. வாசலில் கார்கள் கிளம்பும் சத்தம்.

பேண்டை நடத்தும் பில் திட்டவில்லை. இனி வர வேண்டாம் என்று தோளைத் தட்டிச் சொன்னான். ஆபீசிலும் இப்படித்தான் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மீனா கேட்டாள்: "எப்படிப் போச்சு? ஆடினாங்களா?"

"உக்காந்து கேட்டாங்க."

"அட! மயிலாப்பூர்லயே பாதில எழுந்து கேன்டீனுக்குப் போயிடுவாங்க. உங்களுக்கு உக்காந்திருக்காங்களே!"

அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. பில் சொன்னதை அவளிடம் மறைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஃபிடிலை எடுத்துக்கொண்டு எங்கே போவேன்?