சீனியில்லாத மிட்டாய்

நாள் 41. 07:00. சர்க்கரை 108.
நிலவின் தென்முனை ஆய்வுக்கூடம். ஆள் ஒருத்தி: ஜெசிந்தா, நிலவியலாளர், பன்னிரண்டு வயதிலிருந்து சுகர். காற்று, மின்சாரம், அழுத்தம் எல்லாம் சரி. நேற்று துளைத்த பாறையில் நான்கு விரற்கடைப் பனி. காலை உணவு வழக்கம்போல முட்டைப்பொடி. உணவுக் குழு என்மேல் அக்கறைப்பட்டுப் போட்ட பட்டியலில் சோறு கிடையாது, ரொட்டி கிடையாது. முட்டை, நிலக்கடலை, மறுபடியும் முட்டை.

நாள் 41. 15:20. சர்க்கரை 61.
துளைக்கருவியைக் கொக்கியில் மாட்டும்போது நழுவித் தோளில் இடித்துவிட்டது. தோலுக்கடியில் பதித்த இன்சுலின் வில்லை அங்கேதான் இருக்கிறது. மூன்று மாதத்துக்குச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டிய மருந்து. வில்லையில் விரிசல் என்று கருவி காட்டுகிறது. கை நடுக்கம், முதுகெல்லாம் வியர்வை. விண்வெளி உடையில் இருந்த இரண்டு குளுக்கோஸ் குழாய்களையும் பிழிந்து விழுங்கினேன். இருபது நிமிடத்தில் 88.

நாள் 41. 17:05. சர்க்கரை 57.
பூமியிலிருந்து டாக்டர் மும்தாஜ்: "வில்லைய வெட்டி எடுத்தாலும் பிரயோஜனம் இல்லம்மா. மருந்து மொத்தமா சதையில இறங்கிருச்சு. மணிக்கொரு தடவ குளுக்கோஸ் சாப்பிட்டுக்கிட்டே இருங்க. நாப்பத்தெட்டு மணி நேரத்துல மீட்புக் கலம் வந்துரும்."

எண் ஐம்பதுக்குக் கீழே போனால் மூளை பட்டினி கிடக்க ஆரம்பிக்கும் என்றும் சொன்னார். சரக்கறையில் குளுக்கோஸ் மாத்திரை இரண்டு டப்பா இருக்கிறது, மொத்தம் நானூறு. தாராளமாகப் போதும்.

நாள் 41. 18:30. சர்க்கரை 46.
எட்டு மாத்திரை மென்றேன். நாக்குக்கு நன்றாக இனித்தது. எண் இறங்கியது. இன்னும் எட்டு. இன்னும் இறங்கியது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சீனி சேர்க்காத மிட்டாய், சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது. இரண்டு டப்பாவும் அதே. முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன். சர்க்கரையை ஏற்றும் அவசர ஊசி ஒன்றே ஒன்று இருந்தது, அதைத் தொடையில் குத்திக்கொண்டேன்.

நாள் 41. 19:40. சர்க்கரை 83.
யார் மாற்றினார்கள் என்று கேட்டேன். கிடங்குப் பொறுப்பாளர் சுடலைமுத்து அண்ணாச்சி தானே வானொலிக்கு வந்தார். "உனக்குச் சுகர்னு தெரிஞ்சுதானம்மா செஞ்சேன். சுகர்காரிக்குக் குளுக்கோஸ் போயிருக்கே, யாரோ கவனிக்காம வச்சிட்டாவன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரிக்குக் கால் போனது சீனியாலதான. உனக்கும் அப்படி ஆயிரக்கூடாதுன்னு..."

வேறு குளுக்கோஸ் இருக்கிறது அண்ணாச்சி, கவலைப்படாதீர்கள் என்றேன். பொய். கோபம் வர வேண்டும், வரவில்லை. எத்தனை கல்யாண வீட்டில் என் இலையிலிருந்து பாயசத்தைப் பாசத்தோடு எடுத்திருக்கிறார்கள். சர்க்கரை ஏறினால் ஆபத்து என்று ஊருக்கே தெரியும். இறங்கினால் அதைவிடச் சீக்கிரம் உயிர் போகும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

நாள் 42. 09:00. சர்க்கரை 64.
காப்பிக்கு வைத்திருந்த பால்பொடிதான் இப்போது மருந்து. அதில் கொஞ்சம் சர்க்கரைச் சத்து உண்டு. மணிக்கு நான்கு கரண்டி. அரை மணிக்கு ஒருமுறை அலாரம், தூக்கம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொடி நாளை நண்பகலில் தீரும். கலம் மாலை ஐந்துக்கு வரும். நடுவில் ஐந்து மணி நேரம். எனக்கு முப்பத்தாறு வயது. சாக விருப்பமில்லை.

நாள் 43. 11:50. சர்க்கரை 55.
பால்பொடி தீர்ந்தது. பையைக் கிழித்து நக்கினேன். டாக்டர்: "இனிமே உங்களுக்குக் கோவம் கோவமா வரும். எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்னு தோணும். அத மட்டும் நம்பாதீங்க. கதவோட உள்தாழ்ப்பாள இப்பவே எடுத்து விட்டுட்டு அங்கயே படுத்துக்கங்க."

தாழ்ப்பாள் போட்டிருந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது. அறுத்துத்தான் வர வேண்டும், மூன்று மணி நேரம் ஆகும். எடுத்துவிட்டேன். கதவருகே படுத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.

நாள் 43. 14:30. சர்க்கரை 43.
உதடு மரத்துவிட்டது. திரை இரண்டாகத் தெரிகிறது. தங்கச்சி பெயர் நினைவுக்கு வர வெகுநேரம் ஆனது. டாக்டர் விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள் என்று. 93. 86. 78. 70. சரியாகத்தானே சொல்கிறேன்.

நாள் 43. 16:10. சர்க்கரை 35.
கருவி பழுது. சந்தேகமே இல்லை. நான் நன்றாக இருக்கிறேன், இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. கூடத்தைச் சுத்தம் செய்தேன். மாதிரிக் கற்களை அடுக்கினேன். கதவின் தாழ்ப்பாள் திறந்தே கிடந்தது. யார் இப்படிப் போட்டது? கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா? நன்றாக இறுக்கிப் போட்டேன். வானொலியில் அந்தப் பெண் கத்துகிறாள். நிறுத்திவிட்டேன்.

நாள் 34. 17:
கதவைத் தட்டுகிறார்கள்
வேலை நேரத்தில் யார் இது
எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன் கேட்கவில்லை இன்னும் தட்டுகிறார்கள்
தட்டட்டும்
கொஞ்சம் தூங்கிவிட்டு