எட்டுக் காலில் மூன்று

ஈயம் பற்றவைக்கும்போது எழுகிற ரோசின் பிசின் புகை மூக்கில் ஏறியதும் இன்று பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் தம்பி, அண்ணன் பெண்சாதி என்ற உரிமையில், தன் புதுப் படகின் வயர்லஸ் செற்றைத் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்திருந்தான். நீங்கள் போன பிறகு யாருடைய செற்றையும் நான் வாங்கவில்லை. அவனிடம் மட்டும் மறுக்க முடியவில்லை.

போன வாடைக்காற்றுக் காலத்துக்கு முன் உங்கள் செற் இதே மேசையில் திறந்து கிடந்தது. கறுப்புக் கூட்டில் கம்பிக் கால்கள் நீட்டிய புது ஐசி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டு எட்டிப் பார்த்தீர்கள்.

“எட்டுக் கால் கிடக்கு. அஞ்சுக்குத்தானே வேலை எண்டு சொல்லுறாய். மற்ற மூண்டும் என்னத்துக்கு?”

“உள்ளுக்க இருக்கிற சிலிக்கன் சில்லுக்கு அஞ்சு காணும். ஆனா கூடு எட்டுக் காலோடதான் வரும். ஒவ்வொரு சில்லுக்கும் அளவெடுத்துக் கூடு செய்ய ஏலாதுதானே. அதால மூண்டு சும்மா நிக்கும்.”

“சும்மா நிண்டு சம்பளம் எடுக்கினம்!” என்று சிரித்தீர்கள்.

அலையின் உலுக்கலில் ஐசி ஆடக்கூடாதென்று அந்த மூன்று காலையும் எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்தேன். முன்பும் அப்படிச் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. ஆனால் இது வேறு கம்பனியின் ஐசி. அதன் விவரத்தாளை நான் பார்க்கவில்லை. இறங்குதுறையிலிருந்து பேசிப் பார்த்தீர்கள். இங்கே என் மேசைச் செற்றில் குரல் தெளிவாகக் கேட்டது.

வழமையாகக் கூட வரும் தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் அன்று தனியாகவே கடலுக்குப் போனீர்கள். மத்தியானம் காற்று எழும்பியது. கரையிலிருந்து எல்லாப் படகுகளையும் திரும்பச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். உங்கள் செற்றிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. படகு குச்சவெளிக் கரைப் பக்கம் கவிழ்ந்து ஒதுங்கியது. நீங்கள் வரவே இல்லை.

மனம் கேட்காமல் அதே வகை ஐசி இன்னொன்றை வாங்கி, அதே மாதிரிப் பற்றவைத்து ஓடவிட்டேன். மூன்று மணி நேரம் ஒழுங்காகப் பேசியது. சூடேறியதும் அடங்கிப்போனது. அப்போதுதான் விவரத்தாளைத் தேடி வாசித்தேன். மூன்றில் ஒரு கால் சும்மா நிற்கவில்லை. தொழிற்சாலையில் சோதிப்பதற்காக அதை உள்ளே சில்லோடு தொடுத்திருக்கிறார்கள். எதனோடும் இணைக்கக் கூடாதென்று எழுதியிருந்தது. ஒரே ஒரு வரி.

இன்று எல்லாவற்றையும் உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

“கடலாலதான் அண்ணை போனவர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான், மச்சாள்,” என்றான்.

“என்ர கையாலயும்தான்.”

அவன் செற்றை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. படியிறங்கிப் போய்விட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காற்று எழும்பியபோது மைக்கை எடுத்திருப்பீர்கள். என்னைக் கூப்பிட்டிருப்பீர்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நம்பி எவ்வளவு நேரம் பேசினீர்களோ, என்ன சொன்னீர்களோ. எனக்கு வந்து சேராத அந்தச் சொற்களோடுதான் படுக்கிறேன், எழும்புகிறேன்.