உன் தலைமாட்டில் இருந்த ஆப்பிள்

அன்புள்ள ஜன்னத்துக்கு, துபாயிலிருந்து மூஸா சொல்லச் சொல்ல அறைக்கூட்டாளி ஜாஹித் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் மூட்டுவலி தேவலையா?

எனக்கு நாலு நாள் வயிறு கட்டிக்கொண்டது. இப்போது சரி, பயப்படாதே. டாக்டர், “தினம் ஒரு ஆப்பிள் தோலோட சாப்பிடுங்க பெரியவரே, குடலுக்கும் இதயத்துக்கும் நல்லது” என்றார். ஒரு கடி கடித்து அப்படியே வைத்துவிட்டேன்.

தஞ்சாவூரில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் அண்ணன் ஆறு ஆப்பிள் வைத்துப்போனார். அதில் அஞ்சை விசா ஏஜென்டு வீட்டுக்குக் கொண்டுபோனவன் நான்தான். நர்ஸ் எடுத்துவிட்டாள் என்று உன்னிடம் பொய் சொன்னேன். “ஒண்ணையாவது வெச்சாளே, நல்ல மனசுங்க” என்று சிரித்து, அடிபட்டிருந்த அந்த ஒன்றிலும் பாதியை எனக்கு வெட்டிக் கொடுத்தாய்.

ஜாஹித் என் முகத்தைப் பார்க்காமல் எழுதுகிறான்.

பாபநாசத்தில் ஆறு ஆப்பிள் வாங்கு. சாப்பிட்டதும் நம் மகள் அஃப்ரீனை ஒரு வரி எழுதச் சொல். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. யாருக்கும் பாதி வெட்டிக் கொடுக்காதே.

மூஸா